கல்லில் ஏறாத பேர்

அன்றைக்கு ஏலத்தில் ஆலயக் கல்லைச் சுற்றி இருந்தவர்களை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பொறவு ஒருத்தர் நானும் இருந்தேன் என்பார், இன்னொருத்தர் நான்தான் முதலில் கைதட்டினேன் என்பார். அந்த வம்பு நமக்கு வேண்டாம். போதகர் ஐயா இருந்தார். ஏலம் கூறுகிற உபதேசியார் தொண்டை கட்டிப்போய் இருந்தார். சபைப் பொருளாளர், அவர் மளிகைக்கடை அண்ணாச்சி, மடியில் பணப்பையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சுபேதார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார். யாரும் கேட்காமல் விட்ட ஒரு கிடாக்குட்டி கல்லில் கட்டிக் கிடந்தது. பெண்கள் பக்கத்தில் அக்கா மட்டும். மைக்செட்டுக்காரன் நான், ஆம்ப்ளிஃபயர் சூடாகிறதா என்று தொட்டுத்தொட்டுப் பார்த்துக்கொண்டு கீழே குத்தவைத்திருந்தேன். மற்ற சனம் பூராவும் அசனத்துக்கு, பண்டிகைச் சாப்பாட்டுக்கு, ஆலயத்துக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றுவிட்டது. அவ்வளவுதான். கிடாவைச் சேர்க்காமல் ஆறு பேர்.

இராஜபாளையத்தில் எங்கள் சபை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுப்பின் பண்டிகைக்குச் சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவருகிற வாழைத்தார், கோழி, பூசணிக்காய், எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் வெளியே வைத்து ஏலம் போடுவோம். சந்தையில் சும்மா கிடைக்கிற எலுமிச்சம்பழம் இங்கே ஐந்நூறுக்குப் போகும். மச்சானும் மச்சானும் வீம்புக்கு நின்றால் ஐயாயிரத்துக்கும் போகும். கேட்ட பணத்தை அன்றைக்கே கட்டவேண்டியது இல்லை, தவணை உண்டு. ஆனால் மூன்று தரம் கூறியபின் பொருள் எடுத்தவருடையதுதான். பணம் வரவில்லை என்று பிடுங்கி இன்னொருத்தருக்குக் கொடுக்கிற பழக்கம் எங்கள் சபையில் கிடையாது. ஆண்டவர் முன்னால் கேட்ட கேள்வி அது.

அன்றைக்குக் கடைசியாக ஏலத்துக்கு வந்தது கோழி இல்லை, வாழைத்தார் இல்லை. அந்தக் கல்லில் ஒரு பேர் வெட்டுகிற உபயம். யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்கள் செலவில் பேர் ஏறும், மிச்சப் பணம் ஆலயக் கூரைக்குப் போகும். வெட்டப்போகிற பேர் அக்காவுடைய தம்பி பேர்.

உபதேசியார் "முதல் கேள்வி யாரு?" என்றார். அக்கா கையைத் தூக்கினாள். அவள் எந்தப் பண்டிகையிலும் ஒரு தேங்காய்கூட ஏலத்தில் கேட்டவள் இல்லை. அதோடு, கடன் விஷயத்தில் அவளுடைய போக்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

அக்காவிடம் யாருடைய கணக்கும் முடிந்ததே இல்லை. கீரைக்காரியிடம் பதினைந்து ரூபாய்க்குக் கீரை வாங்கினால் பதினாலு ரூபாய் கொடுப்பாள். பையில் சில்லறை குலுங்கும். ஆனாலும் "ஒரு ரூவா நிக்கட்டும்" என்பாள். மறுநாள் அந்த ஒரு ரூபாயை மறக்காமல் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வாங்கியதில் வேறு ஒரு ரூபாயை நிறுத்துவாள். பஸ்ஸில் கண்டக்டர் மீதி கொடுத்தால் கையை மடக்கிக்கொள்வாள். "வச்சிருங்க. நாளைக்கு வாங்கிக்கிடுதேன்." தன் கடன் என்றாலும் சரி, பிறத்தியார் கடன் என்றாலும் சரி, ஏதோ ஒன்று நின்றால் போதும் அவளுக்கு.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். மாமியார் வயசுப் பொம்பிளைகளும் அக்கா என்பார்கள். அவள் என்னை மைக்கு என்பாள். என்னை மட்டும் இல்லை, இளவட்டங்கள் யாரையுமே தம்பி என்று கூப்பிட மாட்டாள். கண்டக்டர் என்பாள், பால்காரரே என்பாள், ஏலே என்பாள். தம்பி என்கிற வார்த்தையை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

நான் மைக்செட்டோடு மிக்சி, காத்தாடி ரிப்பேரும் பார்ப்பேன். ஒருதடவை அவளுடைய மிக்சியைச் சரிசெய்து கொடுத்தேன். நூற்றெண்பது ரூபாய் ஆனது. நூற்றெழுபத்தைந்து கொடுத்தாள்.

"அக்கா, அந்த அஞ்சு ரூவாயை விட்டுருங்க. நான் கேக்கவே மாட்டேன்."

"ஏலே மைக்கு, நீ யாரு அதை விடுறதுக்கு? நான் தரணும். தராம எங்க போயிருவேன்?"

"அப்பக் கையோட தந்துருங்களேன்."

"இன்னைக்கே தந்துட்டா நாளைக்கு நீ எதுக்கு என் வாசல்ல வந்து நிப்ப? கணக்குத் தீந்த வீட்டுக்கு எவன்லே வாரான்?"

எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியதே பரீட்சைக்குப் பயந்துதான். யாருக்காவது ஒரு ரூபாய் கொடுக்கவேண்டி இருந்தால் சோறு இறங்காது. சோழபுரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்கு மைக் கட்டிவிட்டு வந்து எண்ணிப் பார்த்தால் இருபது ரூபாய் கூடுதலாக இருந்தது. அன்றைக்கே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிறுக்குப் பய. அந்த இருவது ரூவா உங்கிட்ட இருந்தா, அதுக்காகவாவது அடுத்த விசேசத்துக்கு உன்னைய நெனைச்சிருப்பான்."

அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டார் வேறு மைக்செட்டைக் கூப்பிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்கு வேலை பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில். ஆஸ்பத்திரிக்குப் போகிற மெல்லிசுத் துணி. வெட்டி, மடித்து, அடுக்கி, கட்டுப்போட வேண்டும். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக, பஞ்சு ஒட்டியே இருக்கும். "எங்கயோ யாருக்கோ அடிபடப் போகுது. அவனுக்கே இன்னும் தெரியாது. அதுக்கு நாம இன்னைக்கே மடிச்சு வைக்கோம்" என்று ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து ரோட்டில் பேண்டேஜ் மூட்டை ஏற்றிப் போகிற வேனைப் பார்த்தால் எனக்குப் படபடப்புத்தான்.

தாய் தகப்பன் சின்னதிலேயே போய்விட்டார்கள். அந்தத் துணியை மடித்து மடித்துத்தான் தம்பியை ஆளாக்கினாள். கல்யாணம் என்று வந்தவர்களிடம் "இவன் ஒரு நெலைக்கு வரட்டும்" என்றாள். அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். சேரும்போது ஊர்வலம்போலக் கூட்டிக்கொண்டு போனார்கள். லீவில் வந்து திரும்பும்போதெல்லாம் ஸ்டேசனுக்கு அக்கா மட்டும் போவாள். அப்படி ஒரு லீவு முடிந்து ரயில் ஏறும்போது, படியில் நின்றுகொண்டு, "எக்கா, ஒரு இருநூறு இருந்தாக் குடு. வந்து தாரேன்" என்றிருக்கிறான். இவள் முந்தியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறாள். ரயில் நகரும்போது அந்தப் பணத்தில் ஒரு தாளை நெற்றியில் ஒட்டிக்கொண்டு கோமாளிபோலச் சிரித்துக் காட்டினானாம். அதோடு சரி.

எங்கேயோ மலைப்பாதையில் அவர்கள் போன வண்டி ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. மற்றவர்கள் கிடைத்தார்கள். அவன் கிடைக்கவில்லை. காலம் போய் பட்டாளத்தில் இருந்து ஒரு கடுதாசி வந்தது. சுபேதார்தான் வாசித்து அர்த்தம் சொன்னார். காணாமல்போனவர், இறந்ததாகக் கருதப்படுகிறார். அக்கா முழுசும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த இருநூறு?" என்றாள்.

சுபேதாருக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்.

"அவன் எனக்கு இருநூறு ரூவா தரணும் ஐயா. வாங்குன கடனைக் குடுக்காம இருக்கிற பய இல்லை அவன்."

சர்க்கார் பணம் வந்தது. கையெழுத்துப் போட்டால் கிடைக்கும். அவள் போடவில்லை. மாதச் சம்பளத்தில் ஒழுகுகிற ஓட்டு வீட்டிலேயே இருந்தாள். கீரைக்காரி என்னிடம் ஒருதடவை சொன்னாள்: "அதுக்கு முந்தி அக்கா இப்படிக் கெடையாது. மறுநாள் கீரைக்கும் சேத்து முன்பணம் குடுக்கிற ஆளாக்கும்."

இனி கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலய வளாகத்தில் வாகை மரத்தடியில் நிற்கிறது. ஓர் ஆள் உயரம். வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில் இந்தச் சுற்றுவட்டாரச் சபைகளில் இருந்து கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள் பேர் அதில் வெட்டியிருக்கிறது. கான்சாபுரத்துக்காரர் ஒருவர், வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் என்று ஊரோடு சேர்த்துப் பேர். துப்பாக்கி பிடிக்கப் போனவர்கள் இல்லையாம், மண் வெட்டவும் கோவேறு கழுதை ஓட்டவும் போனவர்களாம். அவர்கள் யார், யார் வீட்டுத் தாத்தா என்று இப்போது யாருக்கும் தெரியாது. பண்டிகைக்குக் காணிக்கையாக வருகிற ஆட்டை அதில்தான் கட்டுவார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் செருப்பை அதன் அடியில் விடுவார்கள். நானே ஸ்பீக்கர் வயரை அதில் சுற்றித்தான் கொண்டுபோவேன், வேறு வழி இல்லை. பேர்களுக்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கும்.

அந்தக் கல்லை மதித்த ஒரே மனுஷர் சுபேதார்தான். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மாலை போட்டு, தனியாக நின்று சல்யூட் அடிப்பார். பையன்கள் தூர நின்று சிரிப்பார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அவர்தான் கமிட்டியில் எழுந்து பேசினார்: "அந்த ஒரு சாண் இடம் யாருக்குன்னு விட்டு வச்சிருக்கோம்? நம்ம சபைப் பிள்ளை நாட்டுக்காகப் போயிருக்கான். அவன் பேரு ஏறணும்." எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரே மனதாக முடிவு செய்தார்கள். உபயத்தை ஏலத்தில் விடலாம், கூரைக்கும் ஆகும் என்று பொருளாளர் சொன்னார். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. "கேட்டா அழுவா, பாவம். பண்டிகை அன்னைக்குத் தெரிஞ்சு சந்தோசப்படட்டும்" என்றார்கள். எங்கள் சனங்களுக்கு நல்லது செய்ய ஆரம்பித்தால் நல்லது செய்யப்படுகிற ஆளின் நினைப்பே இருக்காது.

பேர் வெட்டியபின் நடக்கும் திறப்பு விழாவுக்குக் கூடுதலாக ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வேண்டும் என்று என்னிடம் சொன்னதில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்ததை மறைத்து வைக்கிற தெம்பு எனக்கு இல்லை. போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. அரிவாள்மணையில் வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தவள் அரிந்துகொண்டே கேட்டாள்:

"கல்லுல எழுத்து வெட்டுற ஆளு எங்கலே இருக்கான்?"

"வில்லிபுத்தூர்லதான்."

"நாளைக்குக் கூட்டிட்டுப் போ."

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியைத் தாண்டி, ரோட்டோரம் தகரம் போட்ட பட்டறை. அடிக்கல் பலகை, கல்லறைக் கல், அம்மி எல்லாம் கலந்து கிடந்தது. ஆசாரியார் மூக்குக் கண்ணாடியில் கல்தூசி படிய உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கல்லுல ஒரு பேரைத் தப்பா வெட்டிட்டா என்ன செய்வீய?"

"தப்பா வெட்ட மாட்டோம்மா."

"வெட்டிட்டியன்னு வச்சுக்கிடுங்க."

அவர் சிரித்தார். "வெட்டுன எழுத்தை அழிக்க முடியாது தாயி. அது குழி. குழியை எப்படி அழிப்பீங்க? சுத்தி இருக்கிற கல்லைத்தான் அம்புட்டு ஆழத்துக்கு இழைச்சுக் கொண்டாரணும். ஒரு பேருக்காகப் பக்கத்துல இருக்கிற பேரெல்லாம் போயிரும்."

"சிமெண்ட் வச்சு அடைச்சா?"

"ரெண்டு மழை தாங்கும். பொறவு முன்னைக்கு இப்பத்தான் பளிச்சுன்னு தெரியும்."

அக்கா ஒரு பலகையில் அரைகுறையாக நின்ற எழுத்தின் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பேண்டேஜ் பஞ்சு ஒட்டிய விரல். கருங்கல் தூசி அதில் அப்பிக்கொண்டது.

"யாரு பேரும்மா வெட்டணும்?"

"யாரு பேரும் வெட்ட வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள்.

எதிரே ஒரு டீக்கடை. ரெண்டு டீ வாங்கினாள். இருபத்துநாலு ரூபாய்க்கு இருபத்திரண்டு கொடுத்தாள். டீக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு ரூவா நிக்கட்டும். வந்து தாரேன்."

"நீங்க எந்த ஊரும்மா?"

"ராஜபாளையம்."

"ரெண்டு ரூவா தாரதுக்கு அங்க இருந்து வருவீகளாக்கும்?"

"வராம எங்க போயிருவேன்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நைசாக ரெண்டு ரூபாயை எடுத்து மேசையில் வைக்கப் போனேன். அக்கா என் கையில் பட்டென்று அடித்தாள். "வில்லிபுத்தூர்லயும் ஒரு கணக்கு இருக்கட்டும்லே. உனக்கு ஏன் எரியுது?"

இப்போது ஏலத்துக்கு வருகிறேன். அக்கா ஆயிரம் என்று ஆரம்பித்தாள். ரோட்டில் காசு உருள்கிற சத்தம்போல, மெதுவாக. சுபேதார் ரெண்டாயிரம் என்றார். தானே அந்த உபயத்தை எடுக்கவேண்டும் என்று பென்சன் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அக்கா "ரெண்டாயிரத்து இருநூறு" என்றாள். பொருளாளர் அண்ணாச்சி, கல்லில் 'உபயம்' என்று தன் கடைப் பேரையும் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிற நினைப்பில், ஐயாயிரம் என்றார். "ஐயாயிரத்து இருநூறு." சுபேதார் எட்டாயிரம். "எட்டாயிரத்து இருநூறு." ஒவ்வொரு தடவையும் சரியாக இருநூறு கூட்டினாள். அந்த இருநூறு எது என்று எனக்குத் தெரியும்.

பத்தாயிரத்துக்கு மேல் அண்ணாச்சி கழன்றுகொண்டார். சுபேதார் விடவில்லை. பதினாலாயிரம் என்றார். குரல் உடைந்திருந்தது.

"பதினாலாயிரத்து இருநூறு."

சுபேதார் அவளைப் பார்த்தார். பொறவு குதிகால் இரண்டையும் சேர்த்து நின்று, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் ஒரு சல்யூட் அடித்தார். "அக்காளே எடுக்கட்டும். அதுதான் மொறை. நான் விட்டுக்குடுக்கேன்."

உபதேசியார் ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று கூறினார். மைக் வழியாக எல்லாம் அசன வரிசைக்குப் போய்விட்டதா, ஆலயத்துக்குப் பின்னால் இருந்து கைதட்டல் கிளம்பியது. தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு தொடையில் தட்டினார்கள். போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பிக்காக ஒரு ஏழை அக்கா தன் ஜீவனையே எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அக்கா என் பக்கத்தில் வந்து, "மைக்கை அணைச்சுட்டு வா, சாம்பார் தீந்துரும்" என்றாள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். எனக்கு மட்டும் விளங்கிவிட்டது. இனி அந்த இடத்தை யாரும் தொட முடியாது. பணம் கட்டும்வரை உளி இறங்காது. அவள் கட்டப்போவதில்லை.

முதல் வருஷம் ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த பண்டிகையில் பொருளாளர் ஏலப் பாக்கி வாசித்தார். எங்கள் சபையில் அது ஒரு தண்டனை. பேரைச் சொன்னால் சனம் தலையைக் குனிந்துகொள்ளும். அண்ணாச்சி வேண்டுமென்றே அழுத்தி வாசிப்பார்: அக்கா பேர், பொறவு தம்பி பேர், பேர் வெட்டும் உபயம், பதினாலாயிரத்து இருநூறு, பாக்கி. அக்கா தலையைக் குனியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். என் ஸ்பீக்கரில் அவள் தம்பி பேர் வாகை மரத்தைத் தாண்டி மெயின்ரோடு வரைக்கும் போயிற்று. பெண்கள் பக்கத்தில் குசுகுசுத்தார்கள். "கேக்கத் தெரிஞ்சவளுக்குக் கட்டத் தெரியலை பாரேன்." "ஏட்டி, அவ அந்தக் கீரைக்காரிக்கே ஒரு ரூவா நிறுத்துறவ."

அதற்கும் அடுத்த வருஷம் ஆராதனை முடிந்து நான் வயர் சுருட்டிக்கொண்டிருக்கையில், கல்லடியில் சுபேதார் அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, முடியலைன்னா சொல்லு. நான் பாதி போடுதேன்."

"வேண்டாம் ஐயா. நான் எடுத்தது, நான்தான் கட்டணும். தாரேன்."

"எப்ப?"

"தராம எங்க போயிருவேன்?"

அவர் கல்லில் கையை ஊன்றிக்கொண்டார். "நீ தரப்போறது இல்லை. அதானே?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவன் பேரை நாலு பேரு வாசிக்கணும்மா. பட்டாளத்துக்காரனுக்கு அதை விட்டா வேற என்ன இருக்கு? என் கூட இருந்தவன் மூணு பேரு. அவிய ஊர்ல ஒரு கல்லு இல்லை, ஒரு பலகை இல்லை. பிள்ளைக பேரே மறந்துபோச்சு."

"இந்தா, இதுல இம்புட்டுப் பேரு இருக்கு" என்று அக்கா கல்லைக் காட்டினாள். "வாசிக்காகளே. வாசிச்சுட்டு, கான்சாபுரத்துக்காரர் வந்துட்டாரான்னு யாராச்சும் கேக்காகளா? ஆட்டைக் கட்டிட்டுப் போறாக. எங்கிட்டக் கேக்காக ஐயா. கீரைக்காரி கேக்கா, கண்டக்டர் கேக்கான், தம்பி தகவல் ஏதும் உண்டான்னு. கல்லுல போட்டுட்டா எவன் கேப்பான்?"

சுபேதார் குரலைத் தாழ்த்தினார். "அவன் வரமாட்டான்னு உனக்குத் தெரியாதா தாயி?"

நான் வயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டேன். எழுந்து போகவும் பயம், இருக்கவும் பயம்.

"தெரியிறது வேற ஐயா" என்றாள். "வெட்டுறது வேற."

அதன்பிறகு சுபேதார் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கொடியேற்றுகிற நாட்களில் கல்லைக் கழுவும்போது அந்த வெறும் ஒரு சாண் இடத்தையும் சேர்த்துத் துடைப்பதை மட்டும் நான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் அக்கா நெஞ்சுச்சளி என்று படுத்தாள், ஒரு வாரத்தில் போய்விட்டாள். அடக்கத்துக்கு நாலு பேர் வருவார்களா என்று கவலையாக இருந்தது. சொந்தம் என்று யாரும் இல்லையே. வந்து பார்த்தால் தெரு அடைத்துக் கூட்டம். கீரைக்காரி, பால்காரர், டூட்டி மாற்றிக்கொண்டு வந்த கண்டக்டர், பூக்காரி, டைலர். எல்லோருக்கும் அவள் ஒரு ரூபாயோ ரெண்டு ரூபாயோ தரணும், இல்லையென்றால் அவர்கள் அவளுக்குத் தரணும். கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஐயா மொறைப்படி, "இந்தச் சகோதரி யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால் சொல்லலாம்" என்று கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் மட்டும், "நாந்தான் அவிகளுக்கு ஆறு ரூவா தரணும்" என்று சொல்லிவிட்டு அழுதார். என் அஞ்சு ரூபாயை நான் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து என் கடை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். எங்கேயோ பார்த்த முகம். ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடைக்காரர்.

"ஒரு அம்மா, பேண்டேஜ் கம்பெனியில வேலை பாக்கிறவக. மாசத்துக்கு ஒருதடவை வந்து பழைய ரெண்டு ரூவாயைக் குடுத்துட்டு, டீயைக் குடிச்சுட்டு, புதுசா ரெண்டு ரூவா நிறுத்திட்டுப் போவாக. ரெண்டு மாசமாக் காணலை. உடம்புக்கு ஏதுமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். மைக்செட்டுக் கடையில கேட்டா வீடு தெரியும்னு முன்னாடி சொல்லியிருந்தாக. நீங்கதான ஒருதடவை கூட வந்தீக?"

சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த ரெண்டு ரூபாய்க்காக என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போன கை வெறுங்கையாகவே திரும்பி வந்தது.

"அந்தப் பக்கம் வரும்போது தாரேன்" என்றேன். என் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

இந்த வருஷப் பண்டிகைக்கு முன்னால் கமிட்டி கூடியது. மைக் விஷயமாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பொருளாளர் அண்ணாச்சி, அவர் மனசு கெட்ட மனுஷர் இல்லை, எழுந்து சொன்னார்: "பாவம், கடனோட போயிட்டா. நான் வேற அவளை மைக்குல போட்டு வாட்டிட்டேன். அந்தப் பதினாலாயிரத்து இருநூறை நானே கட்டிருதேன். அவ ஆசைப்பட்டபடி தம்பி பேரை வெட்டிருவோம். வில்லிபுத்தூர் ஆசாரிகிட்டச் சொல்லியாச்சு." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். போதகர் ஐயா "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்" என்றார்.

கமிட்டியில் நான் வாயைத் திறந்ததே கிடையாது. எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஐயா, அந்தப் பாக்கியை என் பேருக்கு மாத்துங்க."

"நீயா? உனக்கு எதுக்குப்பா?"

"அக்கா எனக்கு அஞ்சு ரூவா தரணும். மத்த யாரையும்விட எனக்குத்தான் உரிமை" என்றேன். எனக்கே அதன் அர்த்தம் தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள்.

"சரி, எப்பக் கட்டுவ?"

மேசையைப் பிடித்துக்கொண்டேன். "தாரேன் ஐயா. தராம எங்க போயிருவேன்?"

சிரிப்பு நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த சுபேதார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து சல்யூட் எல்லாம் அடிக்கவில்லை. கைத்தடியைத் தரையில் ஒருதடவை தட்டினார்.

"எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. பாக்கியில் என் பேரையும் அவன் பேரையும் வாசிக்கும்போது என் மைக்கை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் தூக்கம் சரியாக இல்லை. சுபேதார் தெருவில் பார்த்தால் நின்று, "என்னப்பா, தகவல் ஏதும் உண்டா?" என்று கேட்கிறார். இன்னும் இல்லை ஐயா என்கிறேன். கல்லில் அந்த ஒரு சாண் இடம் அப்படியே இருக்கிறது. என் பேரில், அவன் பேருக்காக, பதினாலாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.